நாலு நாள் தவணை

அவன் மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கி வருவதைப் பார்த்ததும், அவள் மக்காச்சோளத்தின் முதல் வரிசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

ஒன்பது வருடத்தில் கணவனை அவள் வழிமறித்தது இதுதான் முதல் தடவை.

மேட்டில், மோட்டார் அறைச் சுவரோரம் நாற்காலி போட்டு மாமனார் உட்கார்ந்திருந்தார். முட்டி தேய்ந்துபோய் அவரால் சரிவில் இறங்க முடியாது. கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. எந்த வரிசையில் எந்தச் செடி வாடியிருக்கிறது என்று அங்கிருந்தே சொல்லிவிடுவார்.

இந்தச் சரிவு நிலத்தை ஒரே ஒரு போகத்துக்கு அவளிடம் விட்டிருந்தார். விளைந்தால் நிலம் அவள் பொறுப்பிலேயே இருக்கும். இல்லாவிட்டால் கோழிப்பண்ணைக்காரருக்குக் குத்தகை. அதற்கு மேல் பேச்சே கிடையாது.

போன வருட மழையில் மேல்மண் மொத்தமும் கீழே ஓடிப்போய், அடிப்பாறை பல்லை இளித்தது. அவள் சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாகப் புல் நட்டாள். மாடுகூடத் திங்காத புல்லை வளர்க்கவா நிலம் கொடுத்தேன் என்று மாமனார் கேட்டார். இந்த வருடம் இரண்டு பெருமழை. ஒரு கூடை மண்கூட இறங்கவில்லை. அதைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் பாராட்டுகிறார் என்று அர்த்தம்.

மண் நின்றது. சோளம் இடுப்பு உயரம் வந்தது. பின்னாலேயே அந்துப்பூச்சியும் வந்தது.

இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக முட்டைகள். விட்டால் புழுவாகிக் குருத்தைத் தின்று தீர்த்துவிடும். அவள் விவசாய அலுவலகத்துக்கு நாலு நடை நடந்து, குட்டிக் குளவிகள் உள்ள அட்டைகளை வாங்கி வந்து செடிகளில் கட்டியிருந்தாள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குளவி. பூச்சியின் முட்டைக்குள் அது தன் முட்டையை வைத்துவிட்டால், நாலு நாளில் வெள்ளை முட்டை கறுத்துவிடும். புழு வராது.

குளவிகள் நேற்றுதான் வெளியே வந்திருந்தன. இன்று மருந்து பட்டால் முதலில் சாவது அவைதான்.

மாமனாருக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. பூச்சியை ஒழிக்க இன்னொரு பூச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே ஆள் நீதான் என்றார். காலையில் மருந்துப் புட்டியைத் தன் கையாலேயே மகனிடம் எடுத்துக் கொடுத்தார். மகன் தலையாட்டி வாங்கிக்கொண்டான். அப்பா சொல்லி அவன் தலையாட்டாத நாளை அவள் பார்த்ததே இல்லை.

“நாலு நாள்தாங்க கேக்கிறேன். அதுக்குள்ள என்ன குடியா முழுகிடும்?”

அவன் அவளைச் சுற்றிக்கொண்டு வரிசைக்குள் நுழைந்தான். மருந்தடிக்கும்போது எப்போதும் மூக்கை மூடிக் கட்டும் துண்டு இன்று தோளில் தொங்கியது. கோபத்தில் அதைக்கூட மறந்துவிட்டான் என்று நினைத்தாள்.

கைப்பிடி மேலும் கீழும் போனது. குழாய் முனையிலிருந்து புகைபோலச் சாரல் பரவியது.

அவள் பின்னாலேயே போனாள். வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். கல்யாண நாளிலிருந்து ஆரம்பித்தாள். அவன் அட்டை கட்டிய செடிகளை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு அடித்துக்கொண்டே போனான். அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கெடுப்பதையாவது ஒழுங்காகக் கெடுக்கத் தெரிகிறதா இந்த மனுஷனுக்கு.

ஐந்தாவது வரிசையில் பொறுக்கமாட்டாமல் குழாயைப் பிடித்து இழுத்தாள். முனை திரும்பி அவள் முகத்திலேயே அடித்தது.

பதறிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டாள். கண் எரியப் போகிறது, தொண்டை காந்தப் போகிறது என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

எரியவில்லை.

மெதுவாக மூச்சு விட்டாள். நனைந்த கையை மூக்கருகே கொண்டுபோனாள். வயலையே தூக்கும் அந்த நாற்றம் இல்லை. உதட்டில் வழிந்தது வெறும் கிணற்றுத் தண்ணீர்.

அவன் மேட்டுக்கு முதுகைக் காட்டியபடி, கைப்பிடியை நிறுத்தாமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

“அப்பா பாத்துக்கிட்டு இருக்காரு. திட்டறதை நிறுத்தாதே.”

அவளுக்கு அழ வேண்டும் போலிருந்தது. முட்டை கறுக்காவிட்டால் இனி இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் ஏச்சு.

தொண்டையைச் செருமிக்கொண்டாள். மேடு வரைக்கும் கேட்கும்படி, கல்யாண நாளிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.