பச்சை ரிப்பன்

பத்தொன்பதாவது முறையாக அவன் அந்தப் பெயரை எழுதினான்.

தணிகைவேல், விற்பனைப் பிரிவு. முந்திரி கேக், ஒரு கிலோ. கொடுத்தவர்: தென்காசி வாடிக்கையாளர்.

தணிகைவேல் மேசையில் ஒரு கையை ஊன்றி நின்றான். கடைசி எழுத்து விழும்வரை நகர மாட்டான்.

"உங்களுக்கு இந்த வருஷமும் ஒண்ணும் வரலையா பாஸ்? போலீஸுக்காவது மாமூல் உண்டு. உங்களுக்கு அதுவும் இல்ல."

அவன் சிரித்துவைத்தான். பெட்டியை வாங்கி, அலமாரியில் மற்ற பதினெட்டோடு வைத்தான். ரிப்பன் கசங்காமல் வைக்க வேண்டியிருந்தது.

அந்த நிதி நிறுவனத்தின் கம்ப்ளையன்ஸ் டீம் லீடர் அவன். மற்றவர்கள் விதியை மீறாமல் பார்த்துக்கொள்வது வேலை. தீபாவளிக்கு யாருக்கு எது வந்தாலும் கிஃப்ட் ரிஜிஸ்டரில் ஏறாமல் வீட்டுக்குப் போகாது. அந்த விதியை எழுதியதும் அவன்தான்.

லஞ்சத்தைத் தடுக்க எழுதினான்.

எம்.டி.க்கு அது வேறு விதமாகப் பிடித்துப்போயிற்று. தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, தேநீர் வேளையில், ரிஜிஸ்டரை உரக்க வாசிப்பார். வாடிக்கையாளர் மனத்தில் இடம்பிடித்தவர்கள் என்பார். எல்லோரும் கைதட்டுவார்கள்.

இந்த முறை கைதட்டலோடு முடியாது. ஒரு வைஸ் பிரசிடெண்ட் பதவியும் அறிவிக்கப்படும் என்று பேச்சு. ஏற்கெனவே பதினான்கு வைஸ் பிரசிடெண்டுகள் இருந்தார்கள். ஒருவர் இடம் போதாமல் பிரிண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் பதவி பதவிதானே.

பதினொரு வருடம், பதினொரு ரிஜிஸ்டர். எல்லாப் பக்கத்திலும் அவன் கையெழுத்து இருந்தது.

ஒரு வரியிலும் அவன் பெயர் இல்லை.

மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பையை மேசையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினான். கட்டடத்தின் தரைத்தளத்திலேயே இனிப்புக்கடை.

"வீட்டுக்கா சார், கிஃப்டா?"

"கிஃப்ட்."

கடைக்காரர் பச்சை ரிப்பனை எடுத்தார்.

மாடிக்கு வரும் பெட்டிகளிலும் இதே ரிப்பன்தான். வெளியூர் வாடிக்கையாளர்களுக்கும் நல்ல கடை எது என்று தெரிந்திருக்கிறது. அவர்கள் ரசனையை நினைக்கையில் வயிறு இன்னும் கொஞ்சம் எரிந்தது.

மேலே வந்து ரிஜிஸ்டரைத் திறந்தான்.

கொடுத்தவர் என்ற இடத்தில் சற்று நேரம் யோசிக்க வேண்டியிருந்தது. ஆரணியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி, பெயர் விசாலம். அவளுடைய முகவரிச் சான்றை மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தான். நான்காவது முறை ஏற்றுக்கொண்டான். யோசித்துப் பார்த்தால், இந்த உலகத்தில் அவனுக்கு நன்றி சொல்லக் காரணம் உள்ள ஒரே ஆள்.

விசாலம், ஆரணி என்று எழுதினான்.

பெறுபவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினான். இன்ஷியலோடு.

நான்காவது விதி: பொருளின் மதிப்புக்கு ஆதாரம், கிடைக்குமானால், இணைக்கப்பட வேண்டும். இத்தனை வருடத்தில் யாரும் எதையும் இணைத்ததில்லை. யாருக்கும் கிடைத்ததில்லை.

அவனுக்குக் கிடைத்திருந்தது.

பில்லைக் குண்டூசியால் குத்தி, நேராக இருக்கிறதா என்று பார்த்தான். டீம் லீடர் தன் வரியில் தானே கையெழுத்திடக் கூடாது என்பது ஐந்தாவது விதி. அதனால் ரிஜிஸ்டரை எதிர்மேசைக்கு நகர்த்தினான். அங்கே அவனுக்குக் கீழே வேலை பார்க்கும் ஜெசிந்தா இருந்தாள்.

ஜெசிந்தா வரியைப் படித்தாள். பிறகு பில்லைப் படித்தாள். மேலிருந்து கீழாக, அவன் கற்றுக்கொடுத்தபடி.

பில்லின் அடியில் அவனுடைய கைப்பேசி எண் இருந்தது. நேரம், ஒன்று பத்து.

அவன் அதை அப்போதுதான் பார்த்தான்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. எழுந்து எம்.டி. அறைக்கும் போகவில்லை. குண்டூசியை மெதுவாக உருவி, பில்லைக் கைக்குள் மடித்தாள்.

"பரிசு குடுக்கறவங்க பில்லும் சேத்துக் குடுக்க மாட்டாங்க சார்." குரலைத் தாழ்த்தினாள். "தணிகைவேல் சார் பில்லைக் கீழயே கிழிச்சுப் போட்டுட்டுதான் லிஃப்ட்ல ஏறுவாரு. நானே ரெண்டு தடவ பாத்துட்டேன்."

கையெழுத்துப் போட்டாள்.

அவன் அலமாரியைப் பார்த்தான். தென்காசி. ஓசூர். காரைக்கால். கரூர்.

எல்லா ஊரிலும் பச்சை ரிப்பன்.

பொய்ப் பதிவைப் புகார் செய்யவென்று ஒரு படிவம் இருந்தது. மூன்று பக்கம். அதை நிரப்பினால் தணிகைவேல் வெள்ளிக்கிழமைக்குள் கதவுக்கு வெளியே நிற்பான். படிவம் இருந்த தன் மேசை இழுப்பறையைப் பாதி திறந்தான். மேசை மேல் இருந்த தன் பெட்டியைப் பார்த்தான்.

இழுப்பறையை மூடினான்.

வயிற்றெரிச்சல் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. தணிகைவேல் பத்தொன்பது தடவை லிஃப்டில் ஏறியிருக்கிறான். ஒரு தடவைகூட முகம் மாறவில்லை. அந்த முகத்துக்கு எங்கே போவது?

லிஃப்ட் திறந்தது.

"காரைக்குடி பார்ட்டி, பாஸ்." தணிகைவேல் பெட்டியை மேசையில் வைத்தான். "வேணாம்னாலும் விட மாட்டேங்கறாங்க."

"எனக்கும் அதே தொல்லைதான்" என்றான் அவன்.

தணிகைவேல் அப்போதுதான் மேசையில் இருந்த இன்னொரு பெட்டியைப் பார்த்தான். குனிந்து ரிஜிஸ்டரைப் பார்த்தான். விசாலம், ஆரணி. பெயரை விரலால் தொட்டுப் படித்தான்.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இந்த மனிதன் பொய் எழுத மாட்டான் என்று ஆபீஸ் முழுக்கத் தெரியும்.

"நெஜமாவே குடுத்தாங்களா பாஸ்?"

அவன் இருபதாவது முறையாகத் தணிகைவேலின் பெயரை எழுதத் தொடங்கினான்.

எதிர்மேசையில் ஜெசிந்தா, கைக்குள் இருந்த பில்லை இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள்.