"ஜெயந்தினி பேசுறேன்"

"மிஸ், ஜெயந்தினி பேசுறேன். என் போன் தொலைஞ்சு போச்சு. கணக்குக்குள்ள போக முடியல. கொஞ்சம் திறந்து விடுங்க மிஸ், புண்ணியமாப் போகும்."

போன்ல பின்னாடி ஒரு கைப்புள்ள வீல்னு கத்துற சத்தம். பக்கத்து நாற்காலியில ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்த அன்டனுக்கு அதைக் கேட்டதுமே மனசு இளகிப் போச்சு.

ஹட்டன் டவுன்ல ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில அவங்க ஆபீஸ். ஆன்லைன்ல கணக்கு வச்சிருக்கிறவங்க, 'நான் நான்தான்'னு நிரூபிக்க முடியாம மாட்டிக்கிட்டா இங்கதான் கூப்பிடுவாங்க. கேள்வி கேக்குறது பிரியந்தி. வேலைக்குச் சேந்த புதுசு. கூட உக்காந்து காது குடுக்குறது அன்டன், அவளுக்கு மேல உள்ளவர். ஆனா கணக்குக்காரங்க எழுதி வச்ச ரகசியப் பதில் பிரியந்தி ஸ்கிரீன்ல மட்டும்தான் வரும். அன்டனுக்குக்கூட காட்டக் கூடாது. கம்பெனி சட்டம் அப்படி.

"கேமராவுல மொகத்தைக் காட்டுங்க அக்கா."

"இரவல் போன் மிஸ். கேமரா ஒடஞ்சு கெடக்கு."

"அப்ப மூனு கேள்வி கேப்பேன். ஒரு நிமிஷம் இருங்க." பிரியந்தி சத்தத்தை அடைச்சிட்டு அன்டன் பக்கம் திரும்பினா. "அண்ணே, இது லேசுப்பட்ட கணக்கு இல்ல. இந்த ஜெயந்தினி, புருஷன் அடி தாங்காம டயகமத் தோட்டத்தை விட்டு வந்தவங்க. இப்ப இருக்கிற வீடு, வேலை செய்ற எடம் எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. யாருக்கும் குடுக்காதீங்கன்னு அவங்களே குறிப்புப் போட்டிருக்காங்க. வேற ஆள் கையில போச்சுன்னா அவன் நேரா போயிக் கதவைத் தட்டுவான்."

"அதுக்குன்னு வீட்டுக்காரியையே வெளிய நிறுத்தி வப்பியா? கேளு தங்கச்சி. பதில் சொன்னா திறந்து விடு."

பிரியந்தி மறுபடி லைனுக்கு வந்தா. "அக்கா, உங்க அம்மா பேரு?"

"பேச்சியம்மா. பாட்டுக்காரப் பேச்சின்னாத்தான் தெரியும் மிஸ். கொழுந்து எடுக்கையில வாய் மூடாது."

அன்டன் சிரிச்சிட்டாரு. பிரியந்தி சிரிக்கல.

"மொதல்ல படிச்ச பள்ளிக்கூடம்?"

"டயகமயில தோட்டத்துப் பள்ளிக்கூடம்தான். மழை பேஞ்சா கூரைத் தகரம் போடுற சத்தத்துல டீச்சர் சொல்றது ஒன்னும் கேக்காது. வாயைப் பாத்து நாங்களும் வாயசைப்போம்."

அன்டனும் லிந்துலையில தோட்டத்து லயத்துல, வரிசையா ஒட்டிக் கட்டின வீட்டுல, பொறந்து வளந்தவர்தான். அவர் தலைக்கு மேலயும் அதே தகரம்தான் சத்தம் போட்டுச்சு. இதையெல்லாம் ஒருத்தி கட்டிச் சொல்ல முடியுமா?

"சின்ன வயசுல நீங்க வளத்த பிராணி?"

"ஆடு மிஸ். பேரு ராணி. துரை பங்களாவுல போயிப் பூவை மேஞ்சிருச்சு. அதுக்கு எங்கப்பாவைக் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல அத்தனை பேருக்கு முன்னால நிக்க வச்சு ஏசினாங்க. அப்பா வீட்டுக்கு வந்து ஆட்டை ஏசினாரு."

அன்டன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாரு. 'திறந்து விடு'ன்னு அர்த்தம். பிரியந்தி ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தா.

"மன்னிக்கணும் அக்கா. கணக்கைத் திறக்க முடியாது."

"ஏன் மிஸ்? எதைத் தப்பாச் சொன்னேன்? எந்தக் கோயில்லயும் வந்து சத்தியம் பண்றேன்! புதுசா ஒரு வேலை கெடைச்சிருக்கு, இன்னைக்குப் பத்திரம் அனுப்பலன்னா அதுவும் போயிரும் மிஸ்!" அழுகை வெடிச்சுச்சு. கூடவே கைப்புள்ளயும்.

அன்டன் கையை நீட்டி அவரே சத்தத்தை அடைச்சாரு. "நீ என்ன பொம்பளையா, கருங்கல்லா? அடிபட்டு வந்த புள்ள, இப்ப ஒங்கிட்டயும் அடி வாங்கணுமா? தள்ளு, நான் திறந்து விடுறேன்."

மவுஸுக்குப் போன அவர் கையை பிரியந்தி தன் கையால மறிச்சா.

"வேணாம்ணே. மேல எழுதிப் போடுங்க. வேலையை விட்டு நிப்பாட்டினாலும் சரி. திறக்க மாட்டேன்."

"திமிரா?"

"திமிருன்னே வச்சுக்கங்க."

லைனைத் துண்டிச்சா. துண்டிச்ச கையோட, கணக்குல இருக்கிற நம்பருக்கு ஏதோ மளமளன்னு செய்தி தட்டி அனுப்பினா. அனுப்பிட்டுத்தான் மூச்சே விட்டா.

அன்டன் ஹெட்செட்டைக் கழட்டி மேசையில போட்டாரு. "இப்ப சொல்லு. மூனுல எது தப்பு?"

"மூனும்."

"யாருகிட்ட கதை விடுற? பேச்சியம்மாவும் பொய்யி, தகரக் கூரையும் பொய்யி, ஆடும் பொய்யா?"

"அய்யோ, இல்லண்ணே. போன்ல பேசினவ சொன்னது அத்தனையும் நெசம். பேச்சியம்மாங்கிற பேரு பொறப்புப் பத்திரத்துலயே இருக்கு. ஆடும் இருந்திருக்கும், பூவையும் தின்னிருக்கும். ஒரு வீட்டுக் காம்பராவுல தும்மினா அடுத்த காம்பராவுல நூறாயுசுன்னு சொல்ற லயம். நாத்தனாருக்குத் தெரியாதா, புருஷனுக்குத் தெரியாதா?"

"அப்புறம்?"

"பதில் என்னன்னு ஒங்ககிட்டயும் சொல்ல மாட்டேன்." பிரியந்தி ஸ்கிரீனைக் கையெடுத்துக் கும்பிட்டா. "ஆனா நெசத்தை எழுதினா டயகமவே வந்து கதவைத் திறந்துரும்னு தெரிஞ்சுதான், ஜெயந்தினி அக்கா மூனு கேள்விக்கும் பச்சைப் பொய்யா எழுதி வச்சிருக்காங்க."