சுண்டுவிரலின் நகம்

ஒருவருடைய இடக்கையில் சுண்டுவிரல் மட்டும் நீளமாக நகம் வளர்த்திருந்தது. காது குடையவும் உறை பிரிக்கவும் தானே வேண்டும் என்று அதற்குப் பெருமை.

அவர் கிட்டார் வாங்கினார். தினமும் குக்கரில் சோறு வேகும் நேரம் மட்டும் பழகினார். மற்ற விரல்களின் நுனி காய்த்துப்போனது. அவை அழுத்திய கம்பிகள் பாடின. சுண்டுவிரல் அழுத்திய கம்பி மட்டும் ‘டொக்’ என்றது. நகம் இடித்ததால் சதை கம்பியில் பதியவே இல்லை.

"எனக்கு வராது. பரணில் போட்டுவிட வேண்டியதுதான்" என்றார் அவர்.

"கேட்டியாடா மைனர்? உன் அழகுக்காக நாங்க பட்ட பாடெல்லாம் பரணுக்குப் போகுது" என்றது மோதிரவிரல்.

அவர் நகவெட்டியை எடுக்கும்போதெல்லாம் மடங்கிக்கொள்ளும் சுண்டுவிரல், அன்று தானே தலையை நீட்டியது.

நகம் போன வெறும் சதையில் கம்பி கத்திபோல் இறங்கியது. சுண்டுவிரல் நாள்தோறும் பொறுத்துக்கொண்டது. ஒரு காலையில் எல்லாக் கம்பிகளும் ஒன்றாக முழங்கின. அதிர்வு சுண்டுவிரலின் எலும்புக்குள் புகுந்து முழங்கை வரை ஓடியது. இவ்வளவு பெரிய ஒன்று தன் வழியாகப் போவதை அதனால் நம்ப முடியவில்லை.

"வலிக்குதாடா?" என்று மோதிரவிரல் மெல்லக் கேட்டது.

"பேசாதண்ணே. நான் அசைஞ்சா இது நின்னுடும்."