கார்னர் பிளாட் விரால்

"விராலு! உசுரோட விராலு! கார்னர் பிளாட்ல புடிச்சது!"

எல்லம்மாவின் கூச்சலில், கும்மிடிப்பூண்டிக்கு இலவச வேனில் மனை பார்க்க வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். முட்டியளவு தண்ணீரில் சேலையைத் தூக்கிச் செருகி, அவள் வலையை இழுத்துக்கொண்டிருந்தாள். கரையில் பக்கெட்டோடு நின்ற புருஷன் கலியனுக்கு மானமே போயிற்று.

என்ன செய்ய? அவன் பி.எஃப். பணமும் அவள் தாலிச் செயினும் அந்தத் தண்ணீருக்குள்தான் கிடந்தன. ஏரிப் புறம்போக்கை மனை என்று அவர்களுக்கு விற்றவன், லைசென்ஸ் வைத்த புரோக்கர் வெங்கடேசன். நஷ்ட ஈட்டோடு பணத்தைத் திருப்பிக் கொடு என்று தீர்ப்பு வந்தும் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தான், படுபாவி.

வெங்கடேசன் ஓடி வந்தான். "சார், அது நேத்து பெஞ்ச மழைத்தண்ணி சார். நாளைக்கே வத்திடும்."

"மழைத்தண்ணில விராலு எப்படிண்ணா வரும்? வானத்துலேர்ந்து வுழுந்துச்சா? இது ஏரிண்ணா, ஏரி!"

வலைக்குள் இன்னொன்று துள்ளியது. வந்தவர்கள் ஒவ்வொருவராக வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

வெங்கடேசன் கலியனை ஓரங்கட்டினான். முகம் வெளிறிக் கிடந்தது. "இன்னாபா இது, நெசமாவே மீனு கீதா? மத்தியானம் இன்னொரு வேன் வருது. வலைய சுருட்டச் சொல்லு."

"துட்டு வந்தா சுருட்டிடுவேன்" என்றாள் எல்லம்மா. "நஷ்ட ஈட்டோட!"

"இப்பவே போட்டுடறேன் தாயே!"

அங்கேயே நின்று அனுப்பினான். கலியனின் போனில் பேங்க் மெசேஜ் வந்ததும் அவன் கண் கலங்கிவிட்டது. மீனவர் ஊரான பழவேற்காட்டில் பொண்ணு எடுத்தது வீண் போகவில்லை!

பக்கெட்டைப் பைக்கில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். "ஊட்டுக்குப் போனதும் விராலு கொழம்பு வெச்சுடு எல்லம்மா" என்றான் கலியன் சந்தோஷமாக.

"ஐயோ, அதுல கைய வெக்காத! காலைல மார்க்கெட்ல வாங்கினு வந்து வலைக்குள்ள வுட்டது" என்றாள் அவள். "நேரா நர்மதா ஊட்டுக்கு வண்டிய வுடு. அவளும் இவங்கிட்டதான் ஏமாந்தா. அடுத்த ஞாயித்துக்கிழமை அவ பிளாட்ல புடிக்கணும்."