மூணாவது பஸ்

"என்னங்க, ரெண்டாவது பஸ்ஸும் போயிடுச்சு! இவங்க ஏறவே இல்ல!"

பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருந்த செருப்புக் கடைக்குள் ஒளிந்துகொண்டு போனில் கிசுகிசுத்தேன். மறுமுனையில் என் வீட்டுக்காரர். எலக்ட்ரீஷியன்.

"ஏணி மேல நிக்கிறேன்டி. நீ எதுக்கு அங்க போனே? தனியா போகட்டும்னுதானே பேச்சு?"

"பெத்த மனசு கேக்குதா?"

மகளுக்குப் பதினேழு வயசு. டவுன் சிண்ட்ரோம். நடன வகுப்பில் கிடைத்த சிநேகிதிக்கும் அதேதான். அவள் ஆமை மாதிரி நடப்பாள், அதனால் எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் எக்ஸ்பிரஸ். மகளுக்கு அவளை விட்டால் வேறு தோழி கிடையாது. இன்றைக்கு முதல் முறையாக இரண்டு பேரும் தனியாக சினிமாவுக்குப் போகிறார்கள். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் இனி வாராவாரம் போகலாம் என்று சொன்னது நான்தான்.

எந்த நேரத்தில் சொன்னேனோ!

பன்னிரண்டாம் நம்பர் பஸ். எத்தனை நாள் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! பஸ் வந்ததும் மகள் உள்ளே எட்டிப் பார்க்கிறாள், வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள். எக்ஸ்பிரஸும் படியிலிருந்து காலை எடுத்துவிடுகிறாள். இரண்டு தடவையும் இதே கூத்து.

"நிக்க தாராளமா இடம் இருந்துச்சுங்க. பயந்துட்டாங்க. இனிமே இந்தத் தனியா அனுப்புற வேலையே வேண்டாம். போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

"அவசரக்குடுக்கை! இன்னும் ஒரு பஸ் பாரு."

கடைக்காரர் முறைத்தார். "ஏம்மா, செருப்பு வாங்கப் போறீங்களா, இல்லையா?"

அதற்குள் மூணாவது பஸ் வந்துவிட்டது. பாதிக்கு மேல் காலி. இரண்டு பேரும் டக்கென்று ஏறினார்கள். நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, பின்வாசலில் ஏறி, கடைசி சீட்டில் பதுங்கினேன்.

தியேட்டர் ஸ்டாப் வந்ததும் மகளே மணி அடித்தாள். இறங்கினார்கள். கையைக் கோத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். டிக்கெட் வாங்கினார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தூணுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

யாரோ தோளைத் தட்டினார்கள். எக்ஸ்பிரஸ்!

"ஆன்ட்டி, நாங்க வந்து சேர்ந்தாச்சு. நீங்க வீட்டுக்குப் போகலாமாம். அவ சொல்லச் சொன்னா."

அசடு வழிய நின்றேன். "என்னை எப்போடி பார்த்தீங்க?"

"செருப்புக் கடையிலேயே பார்த்துட்டோமே!"

"அப்புறம் ஏன்டி ரெண்டு பஸ்ஸை விட்டீங்க?"

"ரெண்டுலயும் சீட் இல்ல ஆன்ட்டி. நாங்கன்னா நின்னுக்கிட்டே வந்துடுவோம். அம்மாவுக்கு முட்டி வலி, அவங்க உக்கார இடம் இருக்கிற பஸ்ஸா பார்த்து ஏறலாம்னு அவதான் சொன்னா."