அந்தப் பக்கத்து விளக்கு

"மறுபடியும் பல்பைக் காணோம்" என்றார் எலக்ட்ரீஷியன், டேஷ்போர்டுக்குக் கீழிருந்து தலையை வெளியே எடுத்தபடி.

அந்தப் பழைய காரின் டேஷ்போர்டில், வெளியே இண்டிகேட்டர் மின்னுவதை ஓட்டுகிறவருக்குக் காட்ட இரண்டு பச்சை அம்புகள் உண்டு. டிரைவர் பக்கத்து இண்டிகேட்டருக்கான அம்பு இன்றுவரை ஒழுங்காக மின்னுகிறது. மறுபக்கத்து அம்புதான் தகராறு. வண்டி எந்த வேலைக்கு வந்தாலும் இவர் கையோடு ஒரு பல்பைப் போட்டு அனுப்புவார். அடுத்த முறை பார்த்தால் இருட்டு. ஒரு வருடத்தில் இது நான்காவது முறை.

இந்த முறை விளையாட்டில்லை. நாளைக் காலை வண்டிக்குத் தகுதிச் சோதனை. ஒரு விளக்கு எரியாவிட்டாலும் இவ்வளவு வயதான காரை இனி ரோட்டில் விடமாட்டார்கள்.

காரின் சொந்தக்காரரான பெரியவர் எதற்கும் வாய் திறக்கிற ஆள் இல்லை. கேட்டால் 'ம்', கேட்காவிட்டால் அதுவும் இல்லை. விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டே, "குலுங்கி விழுந்திருக்கும்" என்று முனகிவிட்டு டீ வாங்கப் போனார்.

எலக்ட்ரீஷியனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திருகு போட்டு மூடிய பல்பு குலுங்கி விழுமா? யார் காதில் பூச்சுற்றுவது? முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியவரின் மனைவி மேல்தான் அவருக்குச் சந்தேகம். அந்தம்மாவுக்கு இந்தக் காரைக் கண்டாலே ஆகாது. தனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்ட மூத்த சக்களத்தி என்றுதான் சொல்வார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. வண்டி பிடிக்கலைன்னா விக்கச் சொல்லுங்க. இப்படிக் கழட்டி ஒளிச்சு வெச்சா, நாளைக்கு அந்த மனுஷன் ஒடைஞ்சு போயிடுவாரு."

அந்தம்மாள் கோபப்படவில்லை. கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே நான்கு குட்டி பல்புகள் பஞ்சில் படுத்திருந்தன.

எலக்ட்ரீஷியன், கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக நினைத்து நிமிர்ந்தார்.

"கழட்டினது நான் இல்ல தம்பி. எல்லாம் துவைக்கும்போது அவர் சட்டைப் பையில கெடைச்சது."

எலக்ட்ரீஷியனுக்கு ஒன்றும் புரியவில்லை. டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பொண்ணைக் கட்டிக் குடுத்தப்புறம் நான் வீட்டை விட்டு எங்கயும் கெளம்பல. கூட வான்னு கூப்பிட அவருக்கு வாய் வராது. ஒரு நாள் திடீர்னு, 'லைட் எரியல, உன் பக்கம் இண்டிகேட்டர் மின்னுதான்னு எட்டிப் பார்த்துச் சொல்ல ஆள் வேணும்'னு வந்து நின்னாரு. அன்னையிலேர்ந்து அவர் எங்க போனாலும் நானும் போறேன்."

தூரத்தில் பெரியவர், டீ தளும்பாமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தார். அந்தம்மாள் ஒரு பல்பை எலக்ட்ரீஷியன் கையில் வைத்துவிட்டு அவசரமாக டப்பாவை மூடினார்.

"இதைப் போட்டு டெஸ்டை முடிச்சுக் குடுங்க. திருகை மட்டும் கொஞ்சம் லூசா விடுங்க தம்பி, ஒவ்வொரு தடவையும் கழட்டுறப்ப விரலைக் கிழிச்சுக்கிறாரு."