ஆறடி அகலம்

"தனியா படுக்கிற ஆளுக்கு எதுக்கு ஆறடி அகலம்?"

கேட்டது மருமகள். நானும் அதையேதான் மனசுக்குள்ள கேட்டுக்கிட்டேன். கட்டில் விக்கிறவன், வாய்விட்டுக் கேட்க முடியுமா?

அந்த அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு இருக்கும். ரிட்டயரான நர்ஸ். புருஷன் போய் எட்டு மாசம் ஆகுதுன்னு மகன் சொன்னார். பழைய கட்டில் கால் ஆடுதுன்னு போன வாரம் தூக்கிப் போட்டுட்டாங்களாம். புதுசு வாங்க மூணு பேரும் வந்திருந்தாங்க.

மகனும் மருமகளும் நேரா மூணடி கட்டில் பக்கம் போனாங்க. அம்மா நேரா கடையிலேயே பெரிய கட்டில்ல போய் உட்கார்ந்தாங்க. உட்கார்ந்தது மட்டுமா? செருப்பைக் கழட்டிட்டு, நட்ட நடுவுல மல்லாந்து படுத்து, ரெண்டு கையையும் விரிச்சுப் பார்த்தாச்சு. ஞாயித்துக்கிழமைக் கூட்டம் மொத்தமும் வேடிக்கை பார்க்குது.

புருஷன் இருந்தவரைக்கும் பாதிக் கட்டில் போதும், போனப்புறம் முழுசும் வேணுமாக்கும்! இருபது வருஷமா கட்டில் விக்கிறேன், இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்லை. போன மாசம் ஒரு பெரியவர், மகன் காட்டின மடக்குக் கட்டிலை மறுபேச்சுப் பேசாம வாங்கிட்டுப் போனார். அவர் மனுஷன்.

"அத்தை, சொன்னா கேளுங்க." மருமகள் குரல்ல தேன் சொட்டுச்சு. "இதுல நடுவுல இருந்து எழுந்து வர்றதுக்குள்ள உங்களுக்கு மூச்சு வாங்கும். மூணடின்னா காலைத் தொங்கப் போட்டா தரை."

"ஓரமா படுத்துக்கிறேன்மா."

"இவ்வளவு பெருசுக்கு யாரு விரிப்பு மாத்துறது?"

"முப்பத்தஞ்சு வருஷம், தினம் இருபது கட்டிலுக்கு விரிப்பு மாத்தினவ நான். என் கட்டிலுக்கு மாத்திக்க மாட்டேனா?"

வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. மருமகளைப் பார்த்தா பாவமா இருந்துச்சு. தங்கமான பொண்ணு! என் வீட்டுக்காரி என் அம்மாவுக்கு ஒரு தலைகாணி பார்த்து வாங்கினதா சரித்திரமே கிடையாது.

மகன் மூணடி கட்டில்ல தானே படுத்துக் காட்டினார். "பாரும்மா, எவ்வளவு வசதியா இருக்கு!"

"அப்போ அதை நீயே எடுத்துக்கோப்பா."

நானும் என் பங்குக்கு எடுத்துவிட்டேன். "அம்மா, தனியா இருக்கிற பெரியவங்க எல்லாரும் இப்போ மூணடிதான் எடுக்கிறாங்க. ஒரு பக்கம் சுவரு, விழுந்துடுவோமோங்கிற பயம் பாதி குறையும். அடக்கமா இருக்கும்."

"தம்பி, ஆஸ்பத்திரியில பூரா மூணடி கட்டில்தான். அதுல படுத்திருந்தவங்களையும் எனக்குத் தெரியும். எப்படா காலியாகும்னு பக்கத்துல நின்னவங்களையும் எனக்குத் தெரியும்."

மகன் முகம் சுருங்கிடுச்சு. "பார்த்தீங்களா சார், நல்லதுக்குச் சொன்னா இப்படித்தான். ஏம்மா, நாலு பேர் கேட்டா என்ன நினைப்பாங்க?"

"நாலு பேரும் என் கட்டில்லயா வந்து படுக்கப் போறாங்க?"

பக்கத்துல மெத்தை அமுக்கிப் பார்த்துக்கிட்டிருந்த ஒருத்தர் சிரிச்சுட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. பெத்த பிள்ளை கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்குது, இந்தம்மா இடக்குப் பேசிக்கிட்டிருக்கு. வயசானா பிடிவாதம் வரும், ஒத்துக்கிறேன். அதுக்காக நடுக்கடையில பிள்ளை மானத்தை வாங்கணுமா?

"இதுதான் வேணும். வாங்கப்போறது என் பென்ஷன்ல." அம்மா பேச்சை முடிச்சுட்டாங்க.

சரி, எனக்கென்ன வந்துச்சு? பில் புத்தகத்தை எடுத்தேன். பில் போடறதுக்கு முன்னாடி, கட்டில் போகப்போற ரூமோட அளவைக் கேட்டு எழுதிக்கிறது எங்க கடை வழக்கம். ரூமுக்குள்ள அடங்காம ரெண்டு கட்டில் திரும்பி வந்து, முதலாளி என்னைக் காய்ச்சி எடுத்த நாள்ல இருந்து நான் இதை மறக்கறதே இல்லை.

"ரூம் அளவு சொல்லுங்க."

மருமகள் யோசிக்கவே இல்லை. டக்குனு போனைத் தட்டிப் பார்த்து, "நீளம் ஏழடி, அகலம் அஞ்சரை"ன்னாங்க.

எழுதப் போன கை நின்னுடுச்சு.

"மேடம், அஞ்சரை அடி ரூம்ல ஆறடி கட்டிலை எப்படிப் போடறது? மூணடி போட்டாலே ஒருக்களிச்சுத்தான் நடக்கணும். அது ரூம்தானா, நல்லா பாருங்க."

மருமகள் நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க. மகன் அவங்களை எரிச்சுடற மாதிரி பார்த்தார்.

அம்மா மெதுவா எழுந்து செருப்பை மாட்டிக்கிட்டாங்க.

"அது பழைய சாமான் போடற ரூம் தம்பி. ஜன்னல்கூடக் கிடையாது. என் ரூம் பதினாலுக்குப் பன்னெண்டு."

"இல்லம்மா... அது வந்து... ஒரு ஆளுக்கு அவ்வளவு பெரிய ரூம் சும்மாதானே கிடக்குதுன்னு..." மகன் இழுத்தார்.

தங்கமான பொண்ணாம்! என் புத்தியைச் செருப்பாலதான் அடிக்கணும்.

"உங்க ரூமுக்கு இது தாராளமா போகும்மா." இப்போ என் குரல்ல தானா ஒரு மரியாதை வந்துடுச்சு.

"தெரியும் தம்பி. நேத்து இவங்க வெளியே போயிருந்தப்போ, அந்தச் சாமான் ரூமை நானும் அளந்துட்டேன். அதுக்குள்ள அடங்காத கட்டிலாப் பார்த்துத்தான் எடுத்திருக்கேன். நீங்க பில்லைப் போடுங்க."